பத்துப் பேர் கையெழுத்து

என் வீட்டுக்காரர் சட்டமன்றத் தேர்தலில் மூன்று தடவை நின்றார். மூன்று தடவையும் டெபாசிட் போனது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்களைப் பற்றிப் பேச வருகிறவர்கள் எல்லாரும் இங்கிருந்துதான் ஆரம்பிப்பார்கள், அதுவும் சிரித்துக்கொண்டே. சிரிக்கட்டும். சிரித்தவர்களில் பாதிப் பேர் வீட்டில் யாராவது ஒருவர் பட்டாசுக் கம்பெனிக்கு வேலைக்குப் போகிறவர். இந்த மனுஷன் எதற்காக நிற்கிறார் என்று அந்தப் பாதிப் பேரில் ஒருவர்கூடக் கேட்டதில்லை.

ஒரே ஒரு விஷயத்துக்காகத்தான் நின்றார். என் தம்பி வெம்பக்கோட்டைப் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை பார்த்தான். ஒருநாள் காலையில் அவன் இருந்த அறை வெடித்தது. ஒரு வேனில் அவனைப் படுக்க வைத்து மதுரைக்குக் கொண்டுபோனோம். சாத்தூர் வரைக்கும் தண்ணீர் தண்ணீர் என்று கேட்டுக்கொண்டே வந்தான். விருதுநகர் தாண்டும்போது கேட்பதை நிறுத்திவிட்டான். மதுரையில் டாக்டர் பார்த்துவிட்டு, இன்னும் கொஞ்சம் முன்னால் கொண்டுவந்திருக்கக் கூடாதா என்றார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்த டாக்டரை அடித்திருப்பேன். முன்னால் கொண்டுவர நாங்கள் என்ன பக்கத்துத் தெருவிலா இருந்தோம்? தீப்பிடிக்கிற ஊர் எங்களுடையது. தீக்காயத்துக்கென்று தனி வார்டு இருப்பது மதுரையில். இந்த நாட்டில் எவன் வீட்டில் கல்யாணம், எவன் ஜெயித்தான் என்றாலும் வெடிக்க எங்கள் சரக்கு வேண்டும். நாங்கள் வெந்தால் மட்டும் ரெண்டு மணி நேரம் ரோட்டில் போக வேண்டும்.

தம்பியின் பதினாறாம் நாள் காரியம் முடிந்த அன்று என் வீட்டுக்காரர் சொன்னார், "இதைக் கேக்குறதுக்கு ஒரு ஆளு எலெக்சன்ல நிக்கணும், புள்ள. வேற எங்கன போயிக் கேட்டாலும் மனுவை வாங்கி வச்சுக்கிட்டு அனுப்பிருதாக." அவர் சிவகாசியில் ஒரு ஆப்செட் அச்சகத்தில் மெஷின் ஆபரேட்டர். ஒரு சின்னக் கட்சியில் உறுப்பினர். பெயர் வேண்டாம், சொன்னாலும் உங்களுக்குத் தெரியப்போவதில்லை. விருதுநகரில் ஒரு சைக்கிள் கடைக்கு மேலே அதற்கு ஒரு அறை உண்டு. நிற்கிறேன் என்று இவர் சொன்னதும் மேலிடத்துக்கு அம்புட்டுச் சந்தோஷம். எங்கள் தொகுதியில் நிற்க அவர்களுக்கு வேறு ஆளே இல்லை.

முதல் தடவை நின்றது தொண்ணூற்றாறில். பெரிய கட்சிகளுக்கு என்றைக்கும் மாறாத சின்னம் உண்டு. எங்களைப் போன்றவர்களுக்கு, யாருக்கும் சொந்தமில்லாத சின்னங்களின் பட்டியலில் இருந்து ஒன்றைத் தருவார்கள். அதுவும் ஓட்டுப் போட ரெண்டு வாரம் இருக்கும்போதுதான் தருவார்கள். அந்தத் தடவை தையல் மெஷின் கிடைத்தது. நான் அச்சகத்தில் பைண்டிங் பார்த்தவள், கோலமும் நன்றாகப் போடுவேன். எங்கள் தெருக்கோடியில் இருக்கிற பம்ப் ரூம் சுவரில் நீல பெயிண்டில் தையல் மெஷினை நானே வரைந்தேன். சக்கரம், ஊசி, மிதி, எல்லாம் கச்சிதமாக வந்தது. கீழே அவர் பெயரையும் எழுதினேன். பிறகு வீடு வீடாகப் போய், தையல் மெஷின், தையல் மெஷின் என்று தொண்டை கட்டும் வரை சொன்னேன். தோற்றோம். எவ்வளவு என்பதை எழுதக் கூச்சமாக இருக்கிறது.

அடுத்தது இரண்டாயிரத்து ஒன்று. அதற்குள் சட்டத்தை மாற்றிவிட்டார்கள். முன்பு வேட்பு மனுவில் முன்மொழிய ஒருவர் கையெழுத்துப் போட்டால் போதும். இப்போது பெரிய கட்சி வேட்பாளருக்கு அதே ஒருவர் போதும், எங்களைப் போன்றவர்களுக்குப் பத்துப் பேர் வேண்டும். பத்துப் பேருமே அந்தத் தொகுதி வாக்காளராக இருக்க வேண்டும். கண்டவனும் நிற்பதைத் தடுக்கவாம். கார் வைத்திருக்கிறவனுக்கு ஒரு ஆள், சைக்கிளில் போகிறவனுக்குப் பத்து ஆள். இதை எழுதின புண்ணியவான் ஒருநாளாவது ஒரு கம்பெனித் தொழிலாளியிடம் போய், முதலாளிக்கு ஆகாத கட்சிக்கு ஒரு கையெழுத்துப் போடு என்று கேட்டுப் பார்த்திருக்க வேண்டும்.

நான் கேட்டேன். எங்கள் தெருவில் மட்டுமே கேட்டேன். எல்லாரும் பட்டாசுக்கோ தீப்பெட்டிக்கோ போகிறவர்கள். பத்துப் பேரும் எங்கள் வீட்டுக்கு வந்து கையெழுத்துப் போட்டார்கள். எல்லாருக்கும் காப்பி கொடுத்தேன். என் தம்பி பேரைச் சொல்லி ரெண்டு பேர் அழுதார்கள். பத்துப் பேர் நம்மோடு இருக்கிறார்கள் என்று அன்றைக்கு எனக்கு நெஞ்சு விம்மியது.

சின்னம் இந்தத் தடவை சீலிங் ஃபேன். தையல் மெஷினை யாரோ ஒரு சுயேச்சைக்குக் கொடுத்துவிட்டார்கள். போஸ்டர் அடிக்க வேண்டும். ஊருக்கெல்லாம் போஸ்டர் அடிக்கிற ஊரில் எங்களுக்கு மெஷின் கிடைக்கவில்லை. என் வீட்டுக்காரர் ஓட்டுகிற மெஷினிலேயே பெரிய கட்சித் தலைவர்களின் முகம் நாலு கலரில் ஆயிரக்கணக்கில் விழுந்துகொண்டிருந்தது. அவரே தாளை ஏற்றி, அவரே மை ஊற்றி, தன்னைத் தோற்கடிக்கப் போகிறவர்களை அவரே அடித்துக் கட்டி லோடு ஏற்றினார். "அந்த ஆர்டரெல்லாம் முடியட்டும்யா, உனக்குச் சும்மாவே அடிச்சுத் தாரேன்" என்று முதலாளி சொல்லிவிட்டார். முடிந்தது. ஓட்டுக்கு மூன்று நாள் இருக்கும்போது, ஒற்றைக் கலரில், ஃபேன் என்று சொன்னால்தான் ஃபேன் என்று தெரிகிற மாதிரி ஒரு போஸ்டர் வந்தது. அதன் மேலேயும் அன்று சாயங்காலமே பெரிய கட்சிக்காரன் ஒட்டிவிட்டான். நான் வேகாத வெயிலில் மற்ற ஊர்களுக்குப் போய்க்கொண்டிருந்தேன். எங்கள் தெருவுக்குப் போகவில்லை. கையெழுத்தே போட்டவர்களிடம் போய் என்னத்தைச் சொல்வது என்று இருந்துவிட்டேன்.

அந்தத் தேர்தலில் ஓட்டு மெஷின் வந்துவிட்டது. பழைய பெட்டி மாதிரி எல்லா ஊர்ச் சீட்டையும் கலக்க மாட்டார்கள். ஒவ்வொரு பூத்துக்கும் எத்தனை என்று தனியாகச் சொல்லிவிடுவார்கள். என் வீட்டுக்காரர் ஒரு நாற்பது பக்க நோட்டில் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு வந்தார். நான் எங்கள் பூத்தைத்தான் முதலில் தேடினேன். ஏழு.

கையெழுத்துப் போட்டவர்கள் பத்து. நானும் அவரும் ரெண்டு. பன்னிரண்டு இருக்க வேண்டிய இடத்தில் ஏழு. தொகுதியில் தோற்றது எனக்கு உறைக்கவேயில்லை. அந்த ஏழுதான் உறைத்தது. என் வீட்டில் உட்கார்ந்து, என் காப்பியைக் குடித்து, என் தம்பிக்காகக் கண்ணீர் விட்டு, அங்கே போய் வேறு பொத்தானை அமுக்கியிருக்கிறார்கள் ஐந்து பேர்.

"யாரு அந்த அஞ்சு பேருன்னு கண்டுபிடிக்காம விட மாட்டேன்" என்றேன்.

"கண்டுபிடிக்கக் கூடாதுன்னுதானே அதை ரகசிய ஓட்டுன்னு வச்சிருக்காக. விடு புள்ள" என்றார் அவர்.

"நீங்க விடுங்க. நான் விட மாட்டேன். இப்படி விட்டு விட்டுத்தான் மூணாம் மனுசன்லாம் நம்மளப் பாத்துச் சிரிக்கான்."

ஐந்து பேரில் முதல் ஆள் யார் என்பதை நான் அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன். எங்கள் வீட்டில் இருந்து நாலாவது வீட்டு மதினி. உறவு முறை எதுவும் இல்லை, தெருவில் நான் அப்படிக் கூப்பிடுவேன். கையெழுத்துப் போடுகிறவரைக்கும் தினமும் குழாயடியில் என்னோடு வாயாடிக்கொண்டிருந்தவர், போட்ட நாலைந்து நாளில் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டார். நான் வந்தால் குடத்தை எடுத்துக்கொண்டு போய்விடுவார். ரிசல்ட் வந்த அன்று தெருவே வந்து துக்கம் விசாரித்துவிட்டுப் போனது, அவர் வரவில்லை. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

நான் பேச்சை நிறுத்தினேன். நான் பேச்சை நிறுத்தினால் பாதியில் நிறுத்துகிறவள் இல்லை. ரெண்டு வருஷம் கழித்து அவர் மகள் சடங்குக்குத் தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கோடு அழைக்க வந்தார். கதவைத் திறந்து பார்த்துவிட்டு, அவரைப் பார்க்காதது மாதிரி உள்ளே போய்விட்டேன். என் வீட்டுக்காரர் போய் வெற்றிலையை வாங்கிக்கொண்டார். சடங்குக்கு அவர் மட்டும் போய்ச் செய்முறை செய்துவிட்டு வந்தார். அன்றைக்கு அவரோடும் நான் பேசவில்லை.

அதற்கு அடுத்த தீபாவளி சீசனில் அந்த மதினிக்கு விபத்து. வெடிமருந்து அடைக்கிற அறையில் தீப்பிடித்து வலது கை முழங்கை வரை வெந்துவிட்டது. வேனில் மதுரைக்குக் கொண்டுபோனார்கள். உயிர் பிழைத்து இரண்டு மாதம் கழித்து வீட்டுக்கு வந்தார். தெருவே போய்ப் பார்த்தது. நான் போகவில்லை.

இதை எழுதும்போது எனக்கு என் மேலேயே காறித் துப்பலாம் போல் இருக்கிறது. தீக்காய வார்டு கேட்டு ஊர் ஊராக மைக் பிடித்தவள் நான். வெந்து கிடக்கிற ஒருத்தியைப் பார்க்க நாலு வீடு நடக்கவில்லை.

இரண்டாயிரத்து ஆறில் அவர் மூன்றாம் தடவையாக நிற்கிறேன் என்றார். நான் வேண்டாம் என்றேன். நடுவில் ஜெயித்தவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? ஒவ்வொரு விபத்துக்கும் மாலையோடு வந்தார்கள். செத்தவர் வீட்டுப் பந்தலில் உட்கார்ந்து, வார்டு விஷயம் பரிசீலனையில் இருக்கிறது என்றார்கள். அடுத்த விபத்துக்கும் அதே வெள்ளைச் சட்டை, அதே பரிசீலனை. அந்த வார்த்தையைக் கேட்டாலே எனக்கு உடம்பு எரியும். அதனால்தான் கடைசியில் சரி என்றேன்.

மறுபடி பத்துக் கையெழுத்து. பழைய ஆட்களில் ஒருவர் தவறிவிட்டார், சிலர் ஆலங்குளம் சிமெண்டு ஆலைப் பக்கம் வேலை கிடைத்துக் குடிபோய்விட்டார்கள். எப்படியோ ஒன்பது தேறியது. மனுத் தாக்கலுக்கு இன்னும் ஒருநாள்தான் இருந்தது.

"நாலாம் வீட்டுல கேட்டுப் பாரு" என்றார் அவர்.

"அந்த வீட்டுப் படியேறுறதுக்கு நீங்க எலெக்சன்ல நிக்காமலே இருக்கலாம்."

"நீ அவுகள்ட்ட என்னன்னு கேட்டியா? அஞ்சு வருசமா நீயா நினைச்சுக்கிட்டு இருக்கே. கேட்டுட்டாவது கோவப்படு."

கேட்டுவிட்டே கோபப்படுகிறேன் என்று கிளம்பினேன். கையெழுத்து வாங்கப் போகவில்லை, சண்டைக்குத்தான் போனேன். அந்த மதினி உள்ளே தரையில் உட்கார்ந்து, இடது கையால் பட்டாசுக்குக் காகிதக் குழாய் சுருட்டிக்கொண்டிருந்தார். வலது கை மடியில் கிடந்தது. விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டி, தோல் பளபளவென்று இழுத்துக்கொண்டு இருந்தது. அப்போதுதான் முதல் தடவையாக அந்தக் கையைப் பக்கத்தில் பார்க்கிறேன். இருந்தாலும் நான் கொண்டுபோன கோபத்தைக் கொட்டத்தான் செய்தேன்.

"என் வீட்டுல வந்து கையெளுத்துப் போட்டுட்டு, ஓட்டை மாத்திப் போட்டீகள்ல மதினி? அதுக்கு அன்னைக்கே மாட்டேன்னு சொல்லியிருக்கலாம்ல?"

அவர் சுருட்டுவதை நிறுத்தினார். "யாரு மாத்திப் போட்டது? அண்ணனுக்குத்தான் போட்டேன். தையல் மெஷினு."

"தையல் மெஷினா?"

"ஆமா. நீதானே பம்ப் ரூம் சுவத்துல வரைஞ்சு வச்சிருக்கே. அன்னைக்குப் போகும்போதுகூட நாங்க அஞ்சு பேரும் அதை ஒருக்காப் பாத்துட்டுத்தான் போனோம். புது ஓட்டு மெஷினாச்சே, மறந்துரக் கூடாதுன்னு."

அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். தொண்ணூற்றாறில் வரைந்த தையல் மெஷின். அதை நான் அழிக்கவே இல்லை. அழகாக வந்திருக்கிறது, இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டிருந்தேன். கீழே என் வீட்டுக்காரர் பெயரும் அழியாமல் இருந்தது. பொத்தானுக்குப் பக்கத்தில் பெயரும் போட்டிருப்பார்கள்தான், ஆனால் சின்னத்தைப் பார்த்துப் போடுங்கள் என்று அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்ததே நான்தான். விடிந்தும் விடியாமலும் கம்பெனி வண்டி ஏறி, இருட்டிய பிறகு வீட்டுக்கு வருகிறவர்களுக்கு எங்களுடைய போஸ்டரைப் பார்க்க எங்கே நேரம்? பிறகு வீட்டுக்குப் போய் அந்த நாற்பது பக்க நோட்டை எடுத்துப் பார்த்தேன். எங்கள் பூத்தில் தையல் மெஷின் சின்னத்துக்கு, எங்கள் தெருவுக்கே வராத ஒரு சுயேச்சைக்கு, ஐந்து ஓட்டு.

ஆனால் அதற்கு முன்னால் இன்னொன்றையும் கேட்டேன். கேட்காமலே இருந்திருக்கலாம்.

"அப்ப ஏன் மதினி என் முகத்தைப் பாக்காமப் போனீக?"

அவர் சுருட்டிய குழாயைக் கீழே வைத்தார். பிறகு வேறு யாருக்கோ நடந்ததைச் சொல்வது மாதிரிச் சொன்னார். "மனுவுல கையெளுத்துப் போட்டவுக பேரெல்லாம் எலெக்சன் ஆபீஸ் போர்டுல ஒட்டுவாகளாமே. கம்பெனி ஆளு யாரோ பாத்துட்டு வந்து சொல்லிருக்கான். மூணாம் நாளு போர்மேன் வந்து, நீ அரசியல் பண்றவளாச்சே, உனக்குப் பேக்கிங்குல என்ன வேலைன்னு மருந்து அறைக்கு மாத்திட்டான். வீட்டுல சொன்னா வேலைக்கே போக வேணாம்பாக. உங்கிட்ட சொன்னா நீ கம்பெனி வாசல்ல வந்து சண்டை போடுவே, இருக்கிற வேலையும் போகும். அழுகையா வந்துச்சு, அதான் உன்னையப் பாக்கல. பொறவு நீயே பேச்சை நிப்பாட்டிட்டே. எதுக்குன்னு எனக்குத் தெரியல."

பேக்கிங் என்றால் அட்டைப் பெட்டி, லேபிள், காற்றோட்டமான பெரிய அறை. மருந்து அறை என்றால் என்ன என்று எங்கள் ஊரில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. ஒரு கையெழுத்துக்குத் தண்டனையாக அவரை அங்கே உட்கார வைத்திருக்கிறார்கள். அந்தக் கையெழுத்தைக் கேட்டு வாங்கியவள் நான். வாங்கிவிட்டு ஐந்து வருஷம் அவரைத் துரோகி என்று நினைத்துக்கொண்டிருந்தவளும் நான்தான். அந்தப் போர்மேனையும், பத்துக் கையெழுத்து கேட்கிற சட்டத்தையும், அதைப் போர்டில் ஒட்டிக் காட்டிக் கொடுக்கிற முறையையும் மனசுக்குள் திட்டினேன். ஆனால் எல்லாரையும் திட்டி முடித்த பிறகும் நான் மிச்சம் இருந்தேன். மன்னிச்சிருங்க மதினி என்று சொல்ல வாயெடுத்தேன்.

அதற்குள் அவரே கேட்டார். "இந்தத் தடவையும் நிக்காகளா? எத்தனை பேரு தேறிச்சு?"

"ஒம்பது. நீங்க வேணாம் மதினி. ஒங்க மக இப்ப அதே கம்பெனியிலதான வேலை பாக்கா? அவளை மாத்திருவான். இந்தத் தடவை அவுக நிக்கவே வேணாம். நான் சொல்லிக்கிடுதேன்."

"அவளை மாத்தினான்னா நான் போயி கம்பெனி கேட்டுல நின்னு கேப்பேன். முன்ன கேக்காம விட்டுட்டேன், அதுதான் தப்பு. தாளை எடு" என்றார்.

தாளை எடுத்தும் பயனில்லை. அந்தக் கையால் பேனாவைப் பிடிக்க முடியவில்லை, இடது கையில் எழுத வரவில்லை. கைநாட்டுத்தான் வைக்க வேண்டும். கைநாட்டு என்றால் வீட்டில் வைக்க முடியாது, தேர்தல் அதிகாரி முன்னால்தான் வைக்க வேண்டுமாம். பெரிய கட்சிக்காரன் எவனுக்கும் இந்தத் தொல்லை கிடையாது, அவனுக்குக் கையெழுத்துப் போடுகிறவன் வக்கீலாக இருப்பான். மறுநாள் கடைசி நாள். நான் அவருக்குத் தலை வாரிவிட்டேன். சேலைத் தலைப்பைக் கையின் மேல் போர்த்தப் போனேன். வேண்டாம் என்று ஒதுக்கிவிட்டார்.

ஆபீசில் கூட்டம் நெரிந்தது. பெரிய கட்சி வேட்பாளர் பத்து வண்டியோடு வந்து, மாலையோடு உள்ளே போய், ஒரே கையெழுத்தைக் கொடுத்துவிட்டுப் போனார். அதுவரை எங்களை வெளியே நிறுத்தி வைத்திருந்தார்கள். எங்கள் முறை வந்தபோது நேரம் முடிய அரை மணி நேரம் இருந்தது. அதிகாரி தாளைப் புரட்டிக்கொண்டே வந்தவர், பத்தாவது பெயரில் நின்றார். நிமிர்ந்து பார்க்காமலே கேட்டார்.

"கைநாட்டா? ஏம்மா, பேர் எழுதக்கூடவா தெரியாது?"

என் வீட்டுக்காரர் பதில் சொல்ல வாயைத் திறந்தார். ரெண்டு தேர்தலாக, எத்தனையோ தெருமுனையில், மைக்கில் கத்திக் கத்திச் சொன்ன மனுஷன். அதற்குள் மதினி மேஜைக்குப் பக்கத்தில் போய்விட்டார்.

"எட்டாவது வரைக்கும் படிச்சிருக்கேன் சார். போன தடவை இந்த அண்ணனுக்குக் கையெளுத்துத்தான் போட்டேன்" என்று சொல்லி வலது கையை எடுத்து அந்தத் தாளின் மேலேயே வைத்தார். "மதுரைக்குக் கொண்டுபோயிச் சேக்குறதுக்குள்ள விரலெல்லாம் ஒட்டிப்போச்சு. அதுக்குத்தான் சார் இவுக நிக்காக."

அதிகாரி நிமிர்ந்து அந்தக் கையைப் பார்த்தார். பிறகு மை டப்பாவைத் திறந்து, மதினியின் இடது கைப் பக்கமாக நகர்த்தி வைத்தார்.